போர்முனையிலிருந்து நெல்வயலுக்கு: சர் ஆர்தர் காட்டன்



பட்டாளத்துக்குப் போனவர் திரும்பி வந்தால் என்ன செய்வார்? நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பேங்க் வாசலில் காவலுக்கு நிற்பார். ஒருவர் காடு கழனியைக் கவனிப்பார். இன்னொருவர் கையில் இருக்கிற பணத்தைப் போட்டு நெல் மண்டியோ, ரைஸ் மில்லோ வைப்பார். போருக்குப் போய் வந்த ஒருவர், அதன் பிறகு தன் வாழ்நாளையே நெல் விளைகிற பூமிக்குக் கொடுத்த கதைதான் இது. அவர் ராணுவ உடையைக் கழற்றாமலேயே அதைச் செய்தார் என்பது கூடுதல் விசேஷம். அவர்தான் சர் ஆர்தர் காட்டன்.

1803 மே 15-ல் இங்கிலாந்தில் பிறந்தார். வீட்டில் பதினோரு ஆண் பிள்ளைகள், இவர் பத்தாவது! நாம் டிப்ளமோ சேருகிற வயதில், அதாவது பதினைந்து வயதில், அடிஸ்கோம்பில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1819-ல் மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரியானார். 1821-ல் கப்பலேறி இந்தியா வந்தார். 1824-ல் முதல் பர்மா யுத்தம் மூண்டது. காட்டனும் போனார். 1826-ல் யுத்தம் முடிந்தது. திரும்பி வந்தவருக்கு 1828-ல் காவிரியை ஆய்வு செய்யும் வேலை கிடைத்தது.

அப்போது காவிரிக்கு என்ன நோய் தெரியுமா? முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, வாட்டமும் அதிகம். தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடும் அல்லவா? அது பாட்டுக்குக் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. காவிரியிலோ வருஷா வருஷம் மணல் மேடிட்டது. தஞ்சைப் பக்கம் வாய்க்கால்கள் வறண்டன. நெற்களஞ்சியம் என்று பேர், களஞ்சியத்தில் நெல் இல்லை!

கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டலாம் என்றால், அடியில் பாறை கிடையாது, வெறும் மணல். மணலில் அஸ்திவாரம் போட முடியுமா? இதற்கு விடை தேடி காட்டன் சீமைப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கல்லணைக்குப் போனார். கரிகாலன் கட்டியது என்று நாம் போற்றும் அதே கல்லணைதான். அங்கே பழைய காலத்து வேலைக்காரர்கள் பெரிய பெரிய கற்களை ஆற்று மணலில் போட்டு, அவை தானாகப் புதைந்து நிலைகொள்ளும்வரை மேலே மேலே கல் அடுக்கி, களிமண்ணைச் சாந்தாக வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்த உத்தி அவருக்குப் பாடமாயிற்று. பட்டயமும் பட்டமும் இல்லாத, பேர்கூடத் தெரியாத நம்ம ஊர்க் கொத்தனார்கள்தான் அவருக்கு வாத்தியார்கள்!

1836-ல் முக்கொம்பில் மேலணை எழுந்தது. தண்ணீர் காவிரிக்குத் திரும்பியது. ஆனால் மேலே மறித்தால் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதிப் பாசனம் என்னாவது? அதற்காகத்தான் அதே சமயத்தில் கீழணையும் கட்டப்பட்டது. நம்ம ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி தாண்டி கும்பகோணம் போகும் வழியில் வருகிற அணைக்கரைதான் அது. அங்கிருந்து வடவாறு வழியாகப் போகும் தண்ணீர் வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004 முதல் அந்த ஏரித் தண்ணீர் சென்னைக்கும் குடிக்கப் போகிறது.

எல்லாம் முதல் தடவையிலேயே சரியாக அமைந்துவிடவில்லை. மேலணை வந்தபின் காவிரிக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் போய், படுகை அரிக்க ஆரம்பித்தது. 1840-களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரித் தலைப்பில் குறுக்குச் சுவர் கட்டித்தான் சமன் செய்தார்கள். ஆறு என்பது உயிருள்ள பிராணி மாதிரி. ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் அசையும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நம் மண்ணுக்குச் செய்கிற துரோகம். கீழணைக்குக் கல் எங்கிருந்து வந்தது? நம்ம கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து! ராஜேந்திர சோழன் எழுப்பிய கோயிலின் கருங்கல் மதிலைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது தண்டனைதான். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றோடு போனது. இருபது வருஷத்துக்குள் வெளிவந்த ஒரு பதிவிலேயே இந்தக் குறை எழுதப்பட்டிருக்கிறது. பல ஊர் வயல் விளைய, ஓர் ஊர் தன் மதிலை இழந்தது. கல்லணையிடம் பாடம் படித்தவருடைய திட்டத்துக்காகவே இது நடந்தது என்பதுதான் மனதை உறுத்துகிறது.

அடுத்து கோதாவரி. 1833-ல் கடும் பஞ்சம், 1839-ல் புயல் என்று அடிபட்டுக் கிடந்த பூமி அது. தவளேஸ்வரத்தில் 1847-ல் வேலை தொடங்கி 1852-ல் அணையை முடித்தார் காட்டன். அங்கேயும் மணல்தான், கல்லணைப் பாடம்தான் கை கொடுத்தது. கால்வாய்களைப் படகு போகிற மாதிரி வெட்டினார். விளைந்த நெல் அதே தண்ணீரில் காக்கிநாடா துறைமுகம் வரை போனது. விளைவிப்பது பாதி வேலை, கொண்டு சேர்ப்பது மீதி வேலை என்பது அவர் கட்சி. ரயிலுக்குக் கொட்டுகிற பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்கள் என்று அரசாங்கத்தோடு ஓயாமல் மல்லுக்கட்டினார்.

1861-ல் சர் பட்டம் வந்தது. ஆனால் எடுத்ததெல்லாம் ஜெயித்ததா? இல்லை. அவர் ஆதரித்த கர்நூல் - கடப்பா கால்வாய்க் கம்பெனி நஷ்டத்தில் விழுந்து, 1882-ல் அரசாங்கம் அதை வாங்க வேண்டியதாயிற்று. 1876 - 78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானோர் மடிந்தபோதும், லண்டனில் பாசனத்துக்காகவே வாதாடினார். அந்தப் பஞ்சத்தில் ரயில் இருந்தது. ஆனால் ஏழைக்குத் தானியம் வாங்கக் காசு இல்லை. 1899 ஜூலை 24-ல், 96 வயதில் இங்கிலாந்தின் டார்க்கிங் நகரில் கண் மூடினார். கோதாவரிக் கரையில் இன்றும் அவருக்குச் சிலைகள் உண்டு.

தோழர்களே! 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. 182 வருஷம் உழைத்த அணை! பக்கத்திலேயே புதிய கதவணை கட்டியாகிவிட்டது. கட்டினது எதுவானாலும் பார்த்துப் பராமரிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நாளைக்கு நம்மில் ஒருவராக இருக்கலாம். சிவில் மட்டுமல்ல, மதகுக் கதவைப் பார்க்க மெக்கானிக்கலும் வேண்டும், மோட்டாரைப் பார்க்க எலக்ட்ரிக்கலும் வேண்டும். அப்படிப் போகிறவர்கள் வழியில் கங்கைகொண்ட சோழபுரத்திலும் பஸ்ஸை விட்டு இறங்கி, மதில் இருந்த இடத்தை ஒரு நடை பார்த்துவிட்டுப் போங்கள். அணைக்கரையில் நிற்கும்போது அந்தக் கற்களின் கணக்கும் நினைவில் இருக்கட்டும்.