சிறுவாணியை முதலில் கேட்டவர்: நரசிம்மலு நாயுடுவும் தண்ணீர்க் கட்டணக் கணக்கும்

குடிநீர்க் கட்டணம் ஏறும்போதெல்லாம் திருப்பூரில் எழும் கேள்வி ஒன்றுதான். தண்ணியே ஒழுங்கா வராதபோது எதற்குக் கூடுதல் காசு? கொங்கு வட்டாரத்தில் தண்ணீருக்கு யார் செலவு செய்வது என்ற இந்த விவாதத்துக்கு 130 வருஷத்துக்கு மேல் வயசு. அதன் தொடக்கத்தில் நிற்பவர் எஸ்.பி.நரசிம்மலு நாயுடு (1854–1922).

யார் இவர்?

பெயருக்கு முன்னால் இருக்கும் 'எஸ்' சேலத்தைக் குறிக்கும். ஆனால் இவரை நினைவில் வைத்திருக்கும் ஊர் கோவை. அடிப்படையில் பத்திரிகைக்காரர், 'கோயமுத்தூர் கலாநிதி' இதழை நடத்தினார். 1885-ல் பம்பாயில் நடந்த முதல் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போய் வந்தார். ஊர் ஊராகச் சுற்றி, பயண நூலும் எழுதினார். கோவையில் இன்றும் நிற்கும் விக்டோரியா டவுன்ஹால் 1892-ல் எழும்ப முன்னின்றவர்களில் இவரும் ஒருவர். அன்றைக்குத் திருப்பூரும் கோயமுத்தூர் மாவட்டம்தான். தனி மாவட்டமானது 2009-ல்.

தண்ணீருக்காக மலை ஏறியது ஏன்?

கோவை 1866-லேயே நகராட்சி ஆகிவிட்டது. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. ஊர் பெருத்தது, நல்ல தண்ணி மட்டும் இல்லை. கிணறுகளில் பெரும்பாலும் உப்புத் தண்ணி. வெயில் காலத்தில் அதுவும் அடியில் போய்விடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் முத்திக்குளம் பக்கம் வற்றாத நீர் இருப்பதை நாயுடு கண்டறிந்தார். 1889-ல், அதைக் கோவைக்குத் திருப்பலாம் என்று யோசனை வைத்தார். அதுதான் நாம் குடிக்கும் சிறுவாணி. மலையிலிருந்து இறங்கி வரும் தண்ணீர் என்பதால் பம்ப் செய்யும் செலவும் மிச்சம்.

அப்புறம் ஏன் நடக்கவில்லை?

காசு. மலையைக் குடைய வேண்டும், நீண்ட தூரம் குழாய் போட வேண்டும். சொத்து வரியை நம்பி ஓடும் ஒரு சின்ன நகராட்சியால் அதைத் தனியாகத் தாங்க முடியாது. அரசு கடனோ மானியமோ கொடுத்தால்தான் உண்டு. செலவு அதிகம் என்று திட்டம் ஓரங்கட்டப்பட்டது. இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தக் கால நகராட்சித் தேர்தலில் வரி கட்டுபவர்களுக்குத்தான் ஓட்டு. அவர்களிடம் போய் வரியை ஏற்றுகிறோம் என்று சொல்ல யார் முன்வருவார்கள்?

1922-ல் நாயுடு காலமானார். சிறுவாணி அப்போதும் கோவைக்கு வரவில்லை. சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியார் (ஆர்.எஸ்.புரம் இவர் பெயரில்தான்) நகராட்சியை நடத்திய காலத்தில்தான் வந்து சேர்ந்தது. இடையில் போனது சுமார் 40 வருஷம். செலவைத் தள்ளிப்போட்டதால் அது மறைந்துவிடவில்லை. குடம் சுமந்த வீடுகள் அந்த 40 வருஷமும் அதை வேறு வழியில் கட்டின.

திருப்பூர் கணக்கு என்ன?

நூறு வருஷம் கழித்து அதே கேள்வி திருப்பூருக்கு வந்தது. பவானிக்கு அருகே ஆற்றில் எடுத்து, 50 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் கொண்டுவரும் திட்டத்தை அரசும் தனியாரும் சேர்ந்து கையில் எடுத்தார்கள். செலவு சுமார் 1,000 கோடி ரூபாய். திறன், நாளுக்கு 18.5 கோடி லிட்டர். சாயப்பட்டறைகள் அதிக விலை கொடுக்கும், அதை வைத்து வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் தரலாம் என்பதுதான் கணக்கு.

2011 ஜனவரியில் சாயக்கழிவு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நொய்யலுக்கு அது தேவையான உத்தரவு. ஆனால் அதிக விலை கொடுத்த வாடிக்கையாளர் ஒரே நாளில் காணாமல் போனார். கடனும் வட்டியும் மட்டும் அப்படியே நின்றன.

கசிவு எங்கே வருகிறது?

ஒரு உதாரணம். 1,000 லிட்டரைச் சுத்திகரித்து அனுப்ப 20 ரூபாய் ஆகிறது என்று வைப்போம். வழியில் 30 சதவீதம் கசிந்தால் வீட்டுக்கு வருவது 700 லிட்டர். இப்போது 1,000 லிட்டரின் உண்மைச் செலவு 28 ரூபாயைத் தாண்டிவிடும். மலையிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர் கசிந்தால் போவது தண்ணீர். பம்ப் செய்து வந்தது கசிந்தால் கரன்ட் பில்லும் சேர்ந்து போகிறது. மீட்டர் இல்லாத இணைப்பு, திருட்டு இணைப்பு எல்லாம் இதே கணக்கில்தான் சேரும்.

கட்டண உயர்வே கூடாது என்று சொன்னால், பழைய குழாயை மாற்றப் பணம் இருக்காது. கசிவைக் குறைக்காமல் கட்டணத்தை மட்டும் ஏற்றினால், ஓட்டைக்கும் சேர்த்து நாம் கட்டுகிறோம். அதனால் அடுத்த முறை உங்கள் மாநகராட்சி கட்டணம் உயர்த்தும்போது இரண்டு எண்களைக் கேளுங்கள்: நாளுக்கு எத்தனை லிட்டர் அனுப்புகிறீர்கள், அதில் எத்தனை லிட்டருக்குப் பில் போடுகிறீர்கள்? அந்த இடைவெளி குறைகிறதா என்று பார்த்தபிறகு உயர்வு நியாயமா என்று பேசலாம்.