கண்ணாடியில் தட்டான் பிடித்தவர்



எங்க வாசுதேவநல்லூர்ப் பக்கம் சாரல் விட்டு லேசா வெயில் அடிச்சா போதும், குளக்கரை முழுக்கத் தட்டான் பறக்கும். சின்ன வயசில் அதன் வாலில் நூல் கட்டி விடாதவர் நம்மில் யார்? பொன் வேலை செய்பவருக்கும் தமிழில் தட்டான் என்றே பெயர் உண்டு. இந்த இரண்டு தட்டானும் ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்த கதைதான் இது. அவர் பெயர் ரெனே லாலிக். பிரான்ஸ் நாட்டுக்காரர்.

1860 ஏப்ரல் 6ஆம் தேதி, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஆய் என்ற ஊரில் பிறந்தார். குடும்பம் பாரிஸ் பக்கம் குடியேறிய பிறகும் விடுமுறைக்கு அங்கேதான் போவார். பூவும் பூச்சியும் அவர் மனசில் பதிந்தது அப்போதுதான். 1876ல் தந்தை காலமானார். பதினாறு வயசுப் பையன் லூயி ஓகோக் என்ற நகைக்காரரிடம் வேலை பழகப் போனான்.

நூலகத்தில் இதைப் படித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். எங்க அண்ணனும் அதே வயசில்தான் படிப்பை விட்டுட்டு மோல்டு செய்கிற பட்டறைக்குப் போனான். எங்க வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான் என்றால், அது அவன் சம்பளத்தில்.

லாலிக் இங்கிலாந்தில் இரண்டு வருஷம் ஓவியம் படித்துத் திரும்பி, பெரிய நகைக்கடைகளுக்கு வரைந்து கொடுத்தார். 1885ல் சொந்தப் பட்டறை கிடைத்தது. வைரத்தின் விலையைக் காட்டுவதல்ல நகை என்பது அவர் கட்சி. மாட்டுக் கொம்பு, எனாமல், கண்ணாடி எல்லாவற்றையும் நகையில் சேர்த்தார். மலர்ந்த பூ மட்டுமல்ல, மொட்டு, காய், வாடிய இலை என்று பருவம் முழுவதையும் செய்தார். பாதி பெண், பாதி தட்டான் என்ற அவரது மார்பணி இன்றும் லிஸ்பனில் குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அவர் புகழ் உச்சிக்குப் போனது.

அந்த உச்சியிலிருந்துதான் அவர் கண்ணாடிக்கு இறங்கி வந்தார்! முதலில் நம்ம சுவாமிமலைச் சிற்பிகள் மாதிரி மெழுகு வார்ப்பு. ஒரு பொருளுக்கு ஒரு அச்சு. அதை உடைத்தால்தான் பொருள் வெளியே வரும். அப்புறம் கோட்டி என்ற வாசனைத் திரவிய வியாபாரி குப்பிகள் கேட்டார். ஆயிரக்கணக்கில் வேண்டுமே! உலோக மோல்டில் கண்ணாடிக் குழம்பை ஊற்றி அழுத்தும் முறைக்கு மாறினார். 1913ல் கோம்ப்-லா-வில் தொழிற்சாலையை வாங்கினார். 1921ல் விங்கன் ஊரில் இன்னொன்றைத் தொடங்கினார்.

அங்கே பிறந்தவைதான் அந்த அழகான பெட்டிகள். முகப்பவுடர் வைக்க, மிட்டாய் வைக்க. ஒரு மூடியில் நான்கு பட்டாம்பூச்சி, ஒன்றில் தங்கமீன் கூட்டம், ஒன்றில் மூன்று தட்டான். பால் கலந்த நீலம் மாதிரி ஒரு கண்ணாடி. தடித்த இடத்தில் பால் மாதிரி மங்கலாகவும், மெல்லிய இடத்தில் தெளிவாகவும் இருக்கும். தட்டானின் உடம்பும் றெக்கையும் தனித்தனியாகத் தெரிவது அதனால்தான். பெரிய வட்டப் பெட்டிகள் பலவற்றில் மூடி மட்டும்தான் கண்ணாடி. அடிப்பாகம் பட்டுத்துணி ஒட்டிய அட்டை. விலை குறைய அது ஒரு வழி!

1932ல் வந்த அவர் விலைப்பட்டியலில் சுமார் 1500 பொருள்கள். நார்மண்டி கப்பலின் சாப்பாட்டு அறை விளக்குகள்கூட அவர் வேலைதான். அவருடைய பெட்டி ஏழை வீட்டுக்குப் போனது என்று நான் சொல்ல மாட்டேன். ராணி வீட்டிலிருந்து டீச்சர் வீடு வரைக்கும் வந்திருக்கலாம், அவ்வளவுதான். 1940ல் ஜெர்மானியர் விங்கன் தொழிற்சாலையைப் பிடித்துக்கொண்டார்கள். அது மறுபடி ஓடுவதைப் பார்க்காமலே 1945 மே மாதம் அவர் மறைந்தார். மகன் மார்க் பிறகு அதை நடத்தினார். 2011ல் விங்கனில் அவர் பெயரில் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

பொங்கல் லீவில் அந்தத் தட்டான் பெட்டியின் படத்தை அண்ணனிடம் காட்டினேன். அவன் பூச்சியைப் பார்க்கவே இல்லை. றெக்கை நரம்பின் மேல் நகத்தை ஓட்டினான். இவ்வளவு மெல்லிய கோடு ஒட்டாமல் கழன்று வரணும்னா மோல்டில் எத்தனை நாள் உட்கார்ந்து வெட்டியிருப்பாங்க என்று கேட்டான். அப்புறம், அந்த மோல்டை வெட்டினவர் பேர் எங்கே போட்டிருக்கு என்றான். பெட்டியில் ஆர். லாலிக் என்று மட்டும்தான் இருந்தது.