விரியும் அண்டத்தைக் கணக்கிட்டவர்

இரவு வானம் மாறாமல் இருப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அறிஞர்கள் பலரும் அண்டம் என்றும் மாறாதது என்றே நம்பினர். அந்த நம்பிக்கையை மாற்றியவர்களுள் ஒருவர் ஜார்ஜ் லெமேத்தர்.

லெமேத்தர் 1894ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் பெல்ஜியத்திலுள்ள சார்லெருவா நகரில் பிறந்தார். பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது முதலாம் உலகப் போர் மூண்டது. படிப்பை நிறுத்திவிட்டுப் படையில் சேர்ந்தார். போர் முடிந்ததும் கணிதமும் இயற்பியலும் பயின்றார். 1923இல் கத்தோலிக்கக் குருவானார். பிறகு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வானியல் ஆராய்ச்சி செய்தார். தாயகம் திரும்பி லூவென் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

ஈர்ப்பைப் பற்றிய புதிய கோட்பாட்டை ஐன்ஸ்டைன் 1915இல் வெளியிட்டிருந்தார். அதன்படி அண்டம் நிலையாக இருக்க இயலாது. அதனால், 1917இல் அவர் தம் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்து, அண்டத்தை நிலையானதாகக் காட்டினார். லெமேத்தரோ வேறு முடிவுக்கு வந்தார். விண்மீன் மண்டலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன என்று 1927இல் எழுதினார். அவ்வாண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் அவரைச் சந்தித்த ஐன்ஸ்டைன், கணக்கில் பிழையில்லை என ஒப்புக்கொண்டாலும் முடிவை ஏற்கவில்லை. உலகப் புகழ்பெற்ற அறிஞரே மறுத்தபோதும் லெமேத்தர் மனம் தளரவில்லை.

1929இல் எட்வின் ஹபிள் வெளியிட்ட அளவீடுகள் லெமேத்தரின் கருத்துக்கு வலுவூட்டின. பின்னர் ஐன்ஸ்டைனும் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். விரியும் அண்டம் தொடக்கத்தில் மிகச் சிறியதாக இருந்திருக்க வேண்டும் என்று லெமேத்தர் 1931இல் விளக்கினார். பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு அதுவே வித்தானது. அண்டத்தின் தொடக்ககால வெப்பத்தின் எச்சமான கதிர்வீச்சு கண்டறியப்பட்ட செய்தி, நோயுற்றிருந்த அவரை எட்டியது. அதன்பின், 1966 ஜூன் 20ஆம் நாள் அவர் காலமானார்.

ஐன்ஸ்டைன் தாம் சேர்த்த மாறிலியைப் பின்னர் கைவிட்டார். அது தேவை என்று லெமேத்தர் வாதிட்டு வந்தார். அண்டத்தின் விரிவு வேகமடைந்து வருவதை 1998இல் வானியலறிஞர்கள் கண்டறிந்தபோது, அந்த மாறிலி மீண்டும் ஆய்வுக்கு வந்தது. இந்த வேகத்திற்குக் காரணம் கரும் ஆற்றல் என்கின்றனர். அது எத்தகையது? ஈர்ப்புக் கோட்பாட்டையே திருத்த வேண்டுமா? இவ்வினாக்களுக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

தெளிவான சான்று இருந்தால், தனித்து நிற்க அஞ்ச வேண்டியதில்லை என்பதை லெமேத்தரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.