மக்களை விட்டுக்கொடுக்காத அய்யா

பூவண்டன்தோப்பில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். ஒடுக்கப்பட்ட குலத்துக்கு முடி எதற்கென்று மேல்சாதியார் தடுக்கவே முத்துக்குட்டி என்று ஆனது. கொல்லம் 1008 மாசி 20-இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டராய் வந்தார்.

அன்று நம் முன்னோர் தலைப்பாகை கட்டக்கூடாது. பெண்கள் குடத்தை இடுப்பில் எடுக்கக்கூடாது. பலசாதி மக்களும் அய்யாவிடம் கூடவே, திருவிதாங்கூர் அரசன் சேவகரை அனுப்பினான். எதிர்த்து நிற்க மக்கள் ஆயத்தம். அய்யாவோ பொறுதி சொல்லித் தடுத்து, தாமே அடிபட்டு நடந்தார். சிங்காரத்தோப்புச் சிறையில் மிளகாய்ப் புகையிட்டார்கள், சுண்ணாம்புக் காளவாயில் இட்டார்கள், பசித்த புலியின் முன் நிறுத்தினார்கள். புலி அடங்கிப் படுத்தது.

பெரிய சோதனை அதன் பிறகுதான். சொந்தச் சாதியாரை மட்டும் கூட்டுவதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றான் அரசன். புலியை விட இது கடினம். வீடு திரும்பும் ஆசை யாரையும் இளக்கிவிடும். அய்யா இணங்கவில்லை. அன்று இணங்கியிருந்தால் முந்திரிக் கிணறு பதினெட்டுச் சாதிக்கும் பொதுவாகியிராது.

மாசி 19-இல் விடுதலையானவரை மக்கள் தொட்டிலில் சுமந்து சாமிதோப்புக்குக் கொண்டுவந்தார்கள். பின்பு அவர் சொற்படி ஆண்கள் கட்டிய தலைப்பாகை, இன்றும் பதிக்குள் நுழையும் ஆண்கள் தலையில் இருக்கிறது.