திருத்தணி தந்த துணை ஜனாதிபதி

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை எல்லாரும் பார்ப்பார்கள். மாப்பிள்ளைத் தோழனை யாரும் பார்ப்பதில்லை. துணை ஜனாதிபதி பதவியும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியா? இதற்குப் பதில் தேடி வெகு தூரம் போக வேண்டாம். நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணிக்குப் போனால் போதும்.

ஏழை வீட்டுப் பிள்ளை

முருகன் குடிகொண்ட அந்த ஊரில் 1888 செப்டம்பர் 5-ந் தேதி பிறந்தார் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். தந்தை வீராசாமி, ஜமீனில் சிறிய உத்தியோகம் பார்த்தவர். வீட்டில் பணம் இல்லை. பிள்ளைக்குப் படிப்பு இருந்தது. உபகாரச் சம்பளம் பெற்றே திருப்பதி, வேலூர், சென்னை என்று படித்தார்.

உறவுக்காரப் பையன் ஒருவன் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் இனாமாகக் கிடைத்தன. அதனால் தத்துவமே பாடம் ஆயிற்று!

1909-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். பிறகு மைசூர் சென்றார். 1921-ல் அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் வண்டியில் இருந்த குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே ரெயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள். பின்னர் ஆந்திரா, காசி பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தர் ஆனார். ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகவும் இருந்தார்.

1949-ல் ரஷ்யாவுக்கு இந்தியத் தூதராகப் போனார். எளிதில் யாரையும் சந்திக்காத ஸ்டாலின், இவரை இரண்டு முறை சந்தித்தார்.

போட்டி இல்லை

1952-ல் நாட்டின் முதல் துணை ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. கட்சிக்காரர் அல்லாத இந்த ஆசிரியரை நேரு விரும்பினார். போட்டியின்றித் தேர்வானார். 1957-லும் அப்படியே.

ராஜ்ய சபையின் தலைவராகப் பத்து ஆண்டுகள் இருந்தார். 1960-ல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் ரஷ்யப் பயணம் போனார். 1961-ல் நோயில் படுத்தார். இரண்டு முறையும் ஜனாதிபதியின் வேலையைப் பார்த்தவர் ராதாகிருஷ்ணன்தான்.

இடையில் அவர் பிறந்த ஊர் ஆந்திராவில் இருந்தது. 1960 ஏப்ரல் 1-ந் தேதி அது சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது.

1962-ல் அவரே ஜனாதிபதி ஆனார். அதே ஆண்டு சீன யுத்தம் வந்தது. சர்க்கார் அசட்டையாக இருந்துவிட்டது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். தன்னைப் பதவிக்குக் கொண்டுவந்தவர்களின் ஆட்சி என்று பார்க்கவில்லை.

அமெரிக்கப் பாடம்

இந்தியாவில் துணை ஜனாதிபதியை எம்.பி.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவில் ஜனாதிபதிக்குப் போடும் ஓட்டே துணை ஜனாதிபதிக்கும் சேரும். ஒருவரை எடுத்து, மற்றவரைத் தள்ள முடியாது.

1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் காலமானார். துணை ஜனாதிபதியாகி மூன்று மாதம் கூட ஆகாத ட்ரூமன் கையில் உலக யுத்தம் வந்து விழுந்தது! அணுகுண்டு பற்றிய முழு விவரமும் அதற்குப் பிறகே அவருக்குத் தெரிந்தது. 1963-ல் கென்னடி சுடப்பட்டார். அன்றே ஜான்சன் ஜனாதிபதி.

இங்கும் நடந்தது. 1969 மே 3-ந் தேதி ஜனாதிபதி ஜாகிர் உசேன் காலமானார். துணை ஜனாதிபதி வி. வி. கிரி அந்தப் பொறுப்பை ஏற்றார். ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே ஆறு மாதத்துக்குள் புதிய ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்காவில் மீதிக் காலம் முழுவதும் துணை ஜனாதிபதியே ஆள்வார்.

எவ்வளவு பார்க்க வேண்டும்?

அப்படியானால் அங்கே ஓட்டுப் போடுகிறவர் என்ன செய்ய வேண்டும்? முதலில் பார்க்க வேண்டியது தலைவரைத்தான். நாலு வருஷம் ஆளப் போகிறவர் அவர். துணைவர் நம் ஊர்க்காரர், நம் ஜாதிக்காரர் என்பதற்காக மட்டும் ஓட்டை மாற்றுவது தவறு.

ஆனால் ஒரு கேள்வியை விடக்கூடாது. நாளைக் காலையில் பாரம் இவர் தலையில் விழுந்தால் தாங்குவாரா? தாங்கமாட்டார் என்றால், அவரைப் பொறுக்கி எடுத்த தலைவரின் புத்தியிலும் குறை இருக்கிறது. அப்போது ஓட்டை யோசித்துத்தான் போட வேண்டும்.

ராதாகிருஷ்ணன் 1975 ஏப்ரல் 17-ந் தேதி சென்னையில் காலமானார். அவர் பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். சென்னையில் ஒரு பெரிய சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைச் சங்கம் ஆனாலும், கிராமத்துக் கூட்டுறவுச் சங்கம் ஆனாலும், துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது திருத்தணிப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நாற்காலி, முதல் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது!