ஒரு வாழ்வும் இரண்டு ஒப்பந்தங்களும்

கையெழுத்திட்ட வாக்கைக் காப்பது தனி மனிதருக்கு ஒழுக்கமாகும். அரசாங்கத்துக்கோ அதுவே அஸ்திவாரமாகும். அது பெயர்ந்தால் ஒரு ராஜ்யத்துக்கு நேரும் கதி யாது என்பதை அறிய விரும்புவோர், இலங்கைத் தமிழர் தலைவர் ஸ்ரீ எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் சரித்திரத்தை நோக்குவது போதும் என்று கருதுகிறோம்.

1898 மார்ச்சு 31-ந் தேதி மலாய் நாட்டு ஈப்போவில் பிறந்த அவர், பாலியத்திலேயே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்கு வந்து கல்வி பயின்றார். ஆசிரியராயிருந்தபோது, நோயுற்ற சகோதரரைக் காண விடுமுறை மறுக்கப்படவே, உத்தியோகத்தையே துறந்தார். பின்னர் வக்கீலாகிப் புகழெய்தினார். மெலிந்த தேகம், தாழ்ந்த குரல், மேடையை அதிரச் செய்யும் நாவன்மை இல்லை. ஆயினும் கிறிஸ்தவராகிய அவரை, சைவர்கள் மிகுந்த காங்கேசன்துறைத் தொகுதி மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தது.

1948-ஆம் வருஷத்துச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலோருக்குப் பிரஜா உரிமையை மறுத்தது. அத்தொழிலாளர் அவருக்கு வாக்களிக்கக் கூடியவர் அல்லர். ஆயினும் தம் கட்சித் தலைவர் ஸ்ரீ ஜி. ஜி. பொன்னம்பலம் அந்த சர்க்காரில் மந்திரியானபோது, அவர் உடன் செல்ல மறுத்தார்; 1949 டிசம்பரில் தோழர்களுடன் சமஷ்டி ஆட்சி கோரும் தமிழரசுக் கட்சியை நிறுவினார். 1952-ல் தம் ஸ்தானத்தை இழந்தார், கொள்கையை இழந்தாரில்லை.

சிங்களம் மட்டுமே அரசாங்க பாஷை என்னும் மசோதாவை எதிர்த்து, 1956 ஜூன் 5-ந் தேதி கொழும்பு காலிமுகத்திடலில் அவர் தலைமையில் சத்தியாக்கிரகம் நடந்தது. தொண்டர்கள் அடிபட்டனர், திருப்பி அடித்தாரில்லை. மறு வருஷம் ஜூலையில் பிரதம மந்திரி ஸ்ரீ பண்டாரநாயக்கா, பிரதேச சபைகளையும் வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகத்தையும் அளிக்க ஒப்பந்தம் செய்தார். செல்வநாயகம் தாம் அறிவித்திருந்த போராட்டத்தை நிறுத்தித் தம் வாக்கைக் காத்தார். பிரதம மந்திரியோ, 1958 ஏப்ரலில் பிக்ஷுக்கள் தம் வாயிலில் வந்தமர்ந்ததும் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். 1965-ல் ஸ்ரீ டட்லி சேனநாயக்காவும் மாவட்ட சபைகளை அளிப்பதாக ஒப்புக்கொண்டு, 1968-ல் பின்வாங்கினார்.

இங்கே ஒரு குறையை நாம் மறைப்பதற்கில்லை. இரண்டும் தலைவர்களுக்குள் முடிந்த ஏற்பாடுகள். இரண்டாவது அப்போது பகிரங்கப்படுத்தப்படவுமில்லை. சிங்கள ஜனங்களுக்கு அவற்றின் நியாயத்தை எடுத்துரைக்கும் பொறுப்பை ஆட்சியாளர் ஏற்கவில்லை. அதற்குத் தமிழ்த் தலைவர் செய்த முயற்சியும் போதியதாயில்லை. ஜனங்களின் சம்மதமில்லாத ஒப்பந்தம் முதற்காற்றுக்கே சாயும்.

1972-ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தைக் கண்டித்து அவர் அவ்வக்டோபரில் ஸ்தானத்தை ராஜிநாமாச் செய்து, உபதேர்தலில் நின்று ஜனங்களின் தீர்ப்பை அறியச் சித்தமானார். சர்க்கார் இரண்டு வருஷத்துக்கு மேல் தேர்தலை நடத்தவில்லை. 1975 பிப்ரவரியில் அது நடந்தபோது, அவர் 16,000 வாக்குகளுக்கு மேல் மிகுதியாகப் பெற்று வென்றார். 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில், ஆயுள் முழுதும் சமஷ்டியே கோரிய அவர் தலைமையிலேயே தனி ராஜ்யத் தீர்மானம் நிறைவேறியது. 1977 ஏப்ரல் 26-ந் தேதி காலமானார்.

ஆறு வருஷத்துக்குப் பின், 1983-ல், தீவு தீப்பற்றியது. யுத்தம் 2009 வரை நீடித்தது. சாந்தமாய்க் கேட்டவரிடம் மறுத்ததன் விலையை இரு ஜாதியாரும் ரத்தத்தால் செலுத்தினர். பெரும்பான்மையோரின் பேரால் ஆட்சி புரிவோர் எந்நாட்டிலும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே.