மூன்று நாள் கெடுவில் ஒரு விமானம்



மலருக்குக் கட்டுரை கேட்டதும், நம்ம ஊர்க்காரர் டாக்டர் அப்துல் கலாமைப் பற்றித்தான் எழுதணும் என்று தீர்மானித்தேன். அவரைப் பற்றி எழுதாதவர் யார் என்று கேட்பீர்கள். நான் எழுதப் போவது ஜனாதிபதி கலாமை அல்ல; டிராயிங் போர்டு முன்னால் திண்டாடி நின்ற மாணவர் கலாமை. முப்பது வருஷம் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுப் பிழைத்த எனக்கு அவர்தான் நெருக்கம்.

1931 அக்டோபர் 15-ல் ராமேஸ்வரத்தில் பிறந்தார். தந்தையார் ஜைனுலாப்தீன் யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச்செல்ல மரப்படகு கட்டியதை அருகில் நின்று பார்த்து வளர்ந்த பிள்ளை. படகு கட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பலகையின் வளைவு தப்பினால் அடுத்த பலகை உட்காராது. ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, பிறகு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. அங்கே சேரப் பணமில்லாதபோது அக்கா ஜொஹரா தன் நகைகளை அடகு வைத்து உதவினார்.

எம்.ஐ.டி.யில் தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் வேலை இவர் குழுவுக்கு வந்தது. இஞ்சின் ஒருவர், கட்டுப்பாடு ஒருவர், கருவிகள் ஒருவர் என்று பிரித்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பது கலாமின் பொறுப்பு. ஒருவர் எடையை மாற்றினால் இறக்கை மாறணும். இறக்கை மாறினால் மற்றவர் கணக்கெல்லாம் மாறணும். அன்று அதற்குக் கம்ப்யூட்டர் ஏது? பேராசிரியர் சீனிவாசன் வந்து பார்த்து ஏமாற்றம் அடைந்தார். பலரிடமிருந்து விவரங்களை வாங்கி இணைப்பதில் உள்ள சிரமத்தைக் கலாம் சொன்னார். பேராசிரியர் ஏற்கவில்லை. ஒரு மாத அவகாசம் கேட்டார். கிடைத்தது மூன்றே நாள். முடிக்காவிட்டால் உதவித்தொகை நிற்கும். ராச்சாப்பாட்டை விட்டுவிட்டு போர்டிலேயே கிடந்து முடித்தார். பேராசிரியர் மனம் குளிர்ந்து பாராட்டினார்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. 1990-களில் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பம்ப் உறையின் துளை அளவைக் கம்ப்யூட்டரில் மாற்றினேன். பட்டறைக்குப் போனதோ பழைய டிராயிங். நாற்பது வார்ப்புகள் வீணாயின. பழி மெஷின் ஓட்டிய பையன் தலையில் விழுந்தது. புதிய டிராயிங் அனுப்பாதது நான்தான் என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆச்சு. அந்த இரண்டு நாள் இன்னும் உறுத்துகிறது.

கலாமும் சறுக்கினார். 1979 ஆகஸ்ட் 10-ல் எஸ்.எல்.வி.-3 கிளம்பும் முன் கம்ப்யூட்டர் நிறுத்தச் சொல்லி எச்சரித்தது. நிபுணர்களிடம் கேட்டு, அதை மீறி ஏவினார். கட்டுப்பாட்டு அமைப்பின் கசிவால் ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது. அன்று பத்திரிகைக்காரர்கள் முன் பழியை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் ரோகிணி சுற்றுப்பாதைக்குப் போனபோது, பேட்டி கொடுக்கக் கலாமையே அனுப்பினார். இதைக் கலாம் மேடைதோறும் சொன்னார்.

2002 முதல் 2007 வரை ஜனாதிபதி. 2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். பேக்கரும்பில் துயில்கிறார்.

தம்பிகளே, இன்றைய மென்பொருளில் ஒருவர் அளவை மாற்றினால் மொத்த அசெம்பிளியும் மாறும். எது கடைசித் திருத்தம், யார் எப்போது செய்தது என்று அதுவே பதிந்து வைக்கும். நல்லதுதான். ஆனால் தப்பு நடந்தால் அது என்னுடையது என்று எழுந்து நின்று சொல்ல அதற்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்லணும், முதல் நாளே.